மூளையைப் பிளந்தால் வலிப்பு அடங்குமோ?

வலிப்பு வந்து வீழ்ந்தவன் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் மறையவில்லை. மூளையின் நரம்பணுக்கள் கட்டுக்கடங்காமல் ஒருசேர மின்துடிப்புகளை எழுப்புவதே வலிப்பு. அதனை இரும்பு என் செய்யும்? பலருக்கு மருந்தே அதனை அடக்கிவிடும். மருந்துக்கும் அடங்காதவர் சிலருக்கு, மூளையின் இரு பாதிகளையும் பிரித்துவிடும் அறுவை முறை ஒன்று உண்டு!

வலப் பாதியையும் இடப் பாதியையும் ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகள் கொண்ட பாலம் ஒன்று இணைக்கின்றது. கார்ப்பஸ் கலோசம் என்பது அதன் பெயர். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் வான் வாகனன் என்னும் மருத்துவர், கட்டியினால் இப்பாலம் சிதைந்த நோயாளிகளுக்கு வலிப்புக் குறைந்ததைக் கண்டார். பாலமே வலிப்புப் பரவும் வழியோ என எண்ணி, 10 பேருக்கு அறுவை செய்து 1940இல் முடிவுகளை வெளியிட்டார். பயன் ஒரு சீராக இல்லை. பலருக்குப் பாலம் முழுதும் அறுக்கப்படவும் இல்லை. 1962இல் லாஸ் ஏஞ்சல்ஸில் போகன், வோகல் என்னும் இருவர், போரில் தலையில் அடிபட்டு ஓயாத வலிப்பால் அல்லலுற்ற முன்னாள் வீரர் ஒருவருக்குப் பாலத்தை முழுதும் அறுத்தனர். அவருடைய வலிப்புகள் பெரிதும் அடங்கின.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். வலிப்புத் தோன்றும் இடத்தை இவ்வறுவை தொடுவதே இல்லை. எரியும் கூரையை அணைக்காமல், தீ அடுத்த கூரைக்குத் தாவும் வழியை மட்டும் துண்டிப்பது போன்றது இது. ஆகவே வலிப்பு ஒரு பாதியோடு நிற்கும் என்றே எதிர்பார்த்தனர். பலருக்கோ அந்தப் பாதியிலும் வலிப்புக் குறைந்தது! ஒரு பாதி மறுபாதியைத் தூண்ட, அது திரும்ப முதற்பாதியைத் தூண்டும் சுழற்சி அறுபட்டதே காரணம் என்பர். மூளையின் மின்வரைபடத்திலும், முன்பு இருபுறமும் ஒருசேர எழுந்த அலைகள் பின்னர் ஒருபுறமாக ஒதுங்கக் காணலாம்.

நின்றவனைத் தடாலென்று வீழ்த்தி, பல்லையும் முகத்தையும் உடைக்கும் வலிப்பு வகைக்கே இம்முறை மிகவும் கைகொடுக்கின்றது. ஓரிடத்தில் தோன்றி அங்கேயே நிற்கும் வலிப்புகள் தொடரலாம். சிலருக்கு மிகவும் கூடும். முற்றிலும் நோய் நீங்குவோர் சிலரே.

இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. பாலம் முழுதும் அறுபட்டவரின் கண்ணைக் கட்டி இடக்கையில் சீப்பைக் கொடுத்தால், அதன் பயனைக் கையால் காட்டுவார். பெயர் சொல்ல வராது. பேசும் இடப் பாதிக்குச் செய்தி போய்ச் சேர்வதில்லையன்றோ! இத்தகைய ஆராய்ச்சிகளுக்காக ஸ்பெரி 1981இல் நோபல் பரிசு பெற்றார். ஆயினும் அன்றாட வாழ்வில் இவர்களைக் கண்டு வேறுபாடு சொல்லுதல் அரிது. இக்காலத்தில் பெரும்பாலும் பாலத்தின் முன்புற மூன்றில் இரு பங்கை மட்டுமே முதலில் அறுக்கின்றனர்; வீழ்ச்சி நிற்காவிடில்தான் எஞ்சியதைத் தொடுகின்றனர்.