ஒரே ஒரு ஹெட்போன்தான் வாங்க முடியும்னா?

"ஸ்டுடியோ" என்ற சொல்லை ஹெட்போன் பெட்டியில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதற்கென்று வரையறை எதுவும் இல்லை. அதனால் பெட்டியை விட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம்.

புதுக்கோட்டைப் பக்கம் நடவுப் பாட்டு, கும்மி, ஒப்பாரி தெரிந்த மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீட்டிலேயே ஒரு மைக், ஒரு யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், லேப்டாப் வைத்து அவர்களைப் பதிவு செய்ய நினைக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். கையில் உள்ள காசுக்கு ஒரே ஒரு ஹெட்போன். அதிலேயே பதிவும் நடக்கணும், பாட்டும் கேட்கணும். எண்பது வயதுப் பாட்டியிடம் "இன்னொரு தடவை பாடுங்க ஆத்தா" என்று எத்தனை முறை கேட்க முடியும்? அதனால் என் கணக்கில் முதல் கேள்வி ஒலியின் தரம் இல்லை, கசிவு.

பாடுகிறவர் காதில் சுருதியோ தாளமோ ஓடும்போது அது வெளியே கசிந்து மைக்கில் ஏறிவிடும். தாளச் சத்தத்தையாவது ஓரளவு வெட்டி எடுக்கலாம். சுருதி ஏறினால் போச்சு. குரல் இருக்கும் அதே இடத்தில்தான் அதுவும் இருக்கும். பின்பக்கம் திறந்த ஹெட்போன்கள் கேட்பதற்குச் சுகமாக, காற்றோட்டமாக இருக்கும். ஆனால் பதிவுக்கு ஆகாது. பாதி திறந்தவையும் (சாம்சன் எஸ்ஆர்850, சூப்பர்லக்ஸ் எச்டி681, ஏகேஜி கே240) கசியத்தான் செய்யும். மூடிய வகை வேண்டும்: ஆடியோ டெக்னிகா ஏடிஎச்-எம்20எக்ஸ், ஏகேஜி கே52, கொஞ்சம் கூடுதல் விலையில் சோனி எம்டிஆர்-7506.

சோதிப்பது சுலபம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மைக்கை வாயிலிருந்து அரையடியில் வைத்து, வழக்கமான சத்தத்தில் சுருதியை ஓடவிட்டு, வாயைத் திறக்காமல் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். பிறகு அதைச் சத்தம் கூட்டிக் கேட்டால் கசிவு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

அடுத்துதான் ஒலி. இதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் நம்ம ஊர் வாத்தியமே. கஞ்சிராவைக் கர்நாடக இசை மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படுபவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. சின்ன மரவளையம், ஒரு பக்கம் தோல், ஓரத்தில் சலங்கைக் காசுகள். அந்தக் காலத்தில் உடும்புத் தோல்; இப்போது வனவிலங்குச் சட்டப்படி உடும்பு பாதுகாக்கப்பட்ட உயிரினம், ஆகவே ஆட்டுத்தோலோ செயற்கைத் தோலோதான். தோலில் தண்ணீர் தடவிச் சுருதியை இறக்கி, ஒரு கையால் அழுத்தி, மறு கையால் தட்டும்போது அடித்தொனி வழுக்கிக்கொண்டு போகும். பாஸைத் தூக்கிக் காட்டும் ஹெட்போனில் அந்த வழுக்கல் தெரியாது, எல்லாத் தட்டும் ஒரே "தும்" ஆகிவிடும். மேல்பக்கம் கூர்மையான ஹெட்போனில் அந்தக் காசுகள் "ச்ச்" என்று காதைக் குத்தும். ஆக ஒரே வாத்தியத்தில் இரண்டு முனையையும் சோதித்துவிடலாம். பிடித்த தனி ஆவர்த்தனப் பதிவு ஒன்று போதும்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்காமல் முடிவெடுக்காதீர்கள். சற்றே கூடுதல் சத்தமாக ஒலிப்பதுதான் "நல்லா இருக்கு" என்று நம் காது சொல்லும். கடைகளில் பாதி விற்பனை இதில்தான் நடக்கிறது.

எம்டிஆர்-7506 1991-இல் வந்தது, இன்னும் விற்கிறது. மேல் ஸ்தாயியில் கூர்மை கொஞ்சம் அதிகம். பாட்டு கேட்க அது குறை. ஆனால் குரலில் ஏறிய "ச", "ஸ" உறுத்தலையும் வாய்ச் சொடுக்கையும் உடனே பிடித்துக் கொடுக்கும். எம்20எக்ஸ் அந்த அளவு நுணுக்கம் காட்டாது, ஆனால் மணிக்கணக்கில் கேட்கலாம். ஒயர் 3 மீட்டர், கழற்ற முடியாது, மிதிபட்டால் சால்டரிங்தான். ஒரே ஹெட்போன், குறைந்த பட்ஜெட் என்றால் என் ஓட்டு எம்20எக்ஸ்-க்கு.

மின்தடை எண்ணையும் பாருங்கள். எம்20எக்ஸ் 47 ஓம், 7506 63 ஓம். போனிலேயே போதுமான சத்தம் வரும். 250 ஓம் மாடல்களைப் போனில் செருகினால் சத்தம் முனகும். புளூடூத் வேண்டவே வேண்டாம், பாடியது காதுக்கு வரும் தாமதமே பாட்டைக் குலைத்துவிடும்.

விமர்சனங்களில் யாரும் எழுதாத விஷயம் நம்ம வெயில். பதிவின்போது ஃபேனை நிறுத்தணும். ரெக்ஸின் உறை போட்ட காது மெத்தை சித்திரையில் கால் மணி நேரத்தில் நனைந்துவிடும், ஓரிரு வருடத்தில் உரியும். மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கிற மாடலா என்று வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு காதையும் மூடினால் தன் குரலே தனக்குக் கேட்காமல் சுருதி விலகும். ஒரு பக்கத்தை மட்டும் காதில் வைத்து, மறுபக்கத்தைக் காதுக்குப் பின்னால் தலையோடு ஒட்டிவிடுங்கள். மென்பொருளில் சுருதியை முழுக்க அந்த ஒரு பக்கத்துக்கே தள்ளிவிட்டால், திறந்த பக்கத்திலிருந்து கசிய எதுவும் இருக்காது.