கழுத்தளவு வெந்நீர் செய்யும் வேலை

இங்கிலாந்தின் பாத் நகரத்தில் நாளொன்றுக்குச் சுமார் 11.7 லட்சம் லிட்டர் வெந்நீர் பூமிக்குள்ளிருந்து தானாகவே பொங்கி வருகிறது. அதன் சூடு ஏறத்தாழ 46 டிகிரி செல்சியஸ். எப்போதோ பெய்த மழை இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்துக்கு இறங்கி, பாறைச் சூட்டில் காய்ந்து, உப்புகளைக் கரைத்துக்கொண்டு திரும்பி வரும் நீர் இது. ரோமானியர்கள் முதல் நூற்றாண்டிலேயே இந்த ஊற்றைச் சுற்றிக் கோயிலும் குளியல் மண்டபங்களும் கட்டினார்கள். 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் சீமான்கள் அங்கே போய் இந்த நீரில் அமிழ்வதும், அதையே குவளை குவளையாகக் குடிப்பதும் வைத்தியமாகவும் நாகரிகமாகவும் இருந்தது. அந்தக் காலத்தில்தான், 1752இல், டோபையஸ் ஸ்மோலட் ஒரு சிறு நூல் எழுதினார். நாவலாசிரியராகப் பேர் எடுத்தவர், மருத்துவமும் படித்தவர். குளிப்பதால் வரும் நன்மையில் பெரும்பகுதி வெறும் தண்ணீரால் வருவது, தாதுக்களால் அல்ல என்பது அவர் வாதம். ஊற்றை நம்பிப் பிழைத்த ஊருக்கு இது எப்படி இனித்திருக்கும்!

இன்றைக்கும் ஸ்பா விளம்பரம் எதை எடுத்தாலும் இரண்டு வாக்குறுதிகள் தவறாமல் இருக்கும். தாதுக்கள் தோல் வழியே உள்ளே போகும். நச்சுகள் வியர்வை வழியே வெளியே வரும். ஒரே தோல், நல்லதை மட்டும் உள்ளே விட்டுக் கெட்டதை மட்டும் வெளியே தள்ளுமாம்.

முதலில் வியர்வை. அது உடம்பைக் குளிர்விக்க வந்தது. அதில் ஏறக்குறைய எல்லாமே தண்ணீர், மிச்சம் உப்பு, கொஞ்சம் யூரியா. பூச்சிமருந்து, பிளாஸ்டிக் சேர்மங்கள் போன்றவை கொழுப்பில் தங்குபவை. தண்ணீரோடு எளிதில் கிளம்பி வராது. நீராவி அறையில் இருந்துவிட்டு வந்து எடை பார்த்தால் அரைக் கிலோ குறைந்திருக்கலாம். குறைந்தது தண்ணீர், குடித்தால் திரும்பிவிடும். கழிவு நீக்கும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் சந்தடியில்லாமல் செய்துகொண்டிருக்கின்றன. சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டும் திரவம் மட்டும் சுமார் 180 லிட்டர்.

அடுத்து, உள்ளே போகும் தாதுக்கள். தோலின் மேலடுக்கு செத்த செல்களும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய படலம். கரைந்த உப்புகளைத் தடுத்து நிறுத்துவதே அதன் பிழைப்பு. விரல் நுனி சுருங்குவதைக் காட்டி, தோல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டதற்கு அதுவே சாட்சி என்பார்கள். ஆனால் நரம்பு அறுந்துபோன விரல் எவ்வளவு நேரம் ஊறினாலும் அப்படிச் சுருங்குவதில்லை என்பதை 1930களிலேயே கவனித்திருக்கிறார்கள். நரம்பின் உத்தரவில் ரத்தக்குழாய்கள் இறுகுவதால் வரும் சுருக்கம் அது.

அப்படியானால் ஸ்பா எல்லாம் ஏமாற்றா? பாத் நகரத்துக்கு வந்த, உடம்பில் ஈய நச்சேறிய நோயாளிகள் கதையைக் கேட்டால் அப்படிச் சொல்ல மனம் வராது.

1742இல் அங்கே ஒரு பொது மருத்துவமனை திறந்தார்கள். நாட்டின் எந்த மூலையிலிருந்தும் ஏழை நோயாளிகள் வரலாம், உள்ளூர்க்காரர்களைத் தவிர. ஊற்றுதான் அவர்கள் வாசலிலேயே இருக்கிறதே. வந்தவர்களில் பலருக்கு மணிக்கட்டு துவண்டு தொங்கும், கைகால் விளங்காது, வயிறு முறுக்கும். பெயின்ட் அடிப்பவர்கள், ஈயக் குழாய் வேலை செய்பவர்கள், டெவன் பகுதியில் ஆப்பிள் மது குடித்தவர்கள். அந்த மதுவின் ஆலைகளில் இருந்த ஈயமே காரணம் என்று 1767இல் ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர் காட்டினார். பாத் மருத்துவர்கள் வந்தவர், போனவர், தேறியவர், தேறாதவர் என்று கணக்கு வைத்தார்கள். கணிசமானோர் தேறியே போனார்கள்.

இது பொய்க்கணக்கா, மெய்யா என்று 1980களில் ஆட்ரி ஹேவுட், ஜான் ஓஹேர் போன்ற பிரிட்டிஷ் மருத்துவர்கள் சோதித்தார்கள். ஆட்களைக் கழுத்தளவு வெந்நீரில் உட்காரவைத்து, சிறுநீரை அளந்தார்கள். சிறுநீர் பெருகியது, உப்பு கூடுதலாக வெளியேறியது, அதோடு ஈயமும்.

காரணம் தண்ணீரின் எடை. ஒரு மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் சுமார் 74 மில்லிமீட்டர் பாதரசம். கால்களிலும் வயிற்றிலும் தேங்கி நிற்கும் ரத்தத்தை அது மேலே தள்ளுகிறது. கிட்டத்தட்ட 700 மில்லி மார்புக்குள் ஏறிவிடும். இதயத்தின் மேலறை விரிகிறது. ரத்தம் அதிகமாகிவிட்டது என்று உடம்பு எடுத்துக்கொண்டு, ஒரு ஹார்மோன் மூலம் சிறுநீரகத்துக்குச் சொல்லி அனுப்புகிறது: உப்பையும் தண்ணீரையும் வெளியே விடு. குளத்தில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் சிறுநீர் முட்டி நெளிவதற்கும் இது ஒரு காரணம். பாத் ஊற்றுதான் வேண்டும் என்றில்லை, குழாய்த் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி நிரப்பினாலும் இது நடக்கும். ஸ்மோலட் பாதிக்கு மேல் சரி.

முழுக்கச் சரி என்று சொல்லமாட்டேன். மருத்துவமனையில் மாதக்கணக்கில் தங்கியவர்களுக்கு ஈய வேலை இல்லை, ஆப்பிள் மது இல்லை, வேளாவேளைக்குச் சாப்பாடு இருந்தது. குடித்த ஊற்றுநீரின் கால்சியமும் இரும்பும் குடலில் ஈயம் ஏறுவதைக் கொஞ்சம் தடுத்திருக்கவும் கூடும். ஆக, நச்சு வெளியேறியது மெய்தான். ஆனால் சிறுநீரகம் வழியே, வாரக்கணக்கில், உண்மையிலேயே நச்சேறியவர்களுக்கு. வார இறுதிப் பேக்கேஜுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பூமியிலிருந்து வரும் தண்ணீர் சுத்தமானது என்பது இன்னொரு நம்பிக்கை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாத் நீரில் ரேடியம் இருப்பது தெரிந்தபோது, அதையும் பெருமையாகவே விளம்பரப்படுத்தினார்கள். 1978இல் அங்கே நீந்திய ஒரு சிறுமி, மூக்கு வழியே மூளைக்கு ஏறும் நெக்லேரியா அமீபாவால் இறந்தாள். பழைய ரோமானியக் குளத்தில் இன்றுவரை யாரையும் இறங்க விடுவதில்லை. 2006இல் திறந்த புதிய ஸ்பாவுக்கு ஆழ்துளைக் குழாய் வழியே தண்ணீர் வருகிறது. நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பல் மலர்க் கண்காட்சியில் 1999இல் நடந்தது இன்னும் விசித்திரம். காட்சிக்கு வைத்த ஹாட் டப்பின் நுண்திவலைகளில் லெஜியோனெல்லா பாக்டீரியா பரவி 30 பேருக்கு மேல் இறந்தார்கள். தொட்டிக்குள் இறங்கியதால் அல்ல, பக்கமாக நடந்து போனதால். வெதுவெதுப்பான, குமிழியிடும் தொட்டிக்குக் கிருமிநாசினி கட்டாயம் வேண்டும். ஆனால் மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை வந்தால், சுத்தம் என்று மகிழ வேண்டாம். குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்தால் வரும் வாடை அது.

சூடு கூடக் கூட நல்லது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹாட் டப்புக்கு 40 டிகிரியே உச்ச வரம்பு. கர்ப்பிணிகள், அதிலும் முதல் மூன்று மாதங்களில், தவிர்ப்பது நல்லது. தண்ணீரை விட்டு எழும் கணத்தில் அதுவரை தாங்கிய அழுத்தம் சட்டென்று நீங்கிவிடும். சூட்டில் ரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும். மார்புக்கு ஏறிய ரத்தம் கால்களுக்கு இறங்கித் தலை சுற்றும். உள்ளே மது இருந்தாலோ, ரத்த அழுத்த மாத்திரை போட்டிருந்தாலோ விழுவதற்கு வாய்ப்பு அதிகம். அதனால் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக எழுந்து, ஓரமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, தண்ணீரோ மோரோ குடித்துவிட்டு நடப்பது உத்தமம்.