உம்மாவின் கைக்கு வந்த கேமிங் மவுஸ்

நானா தொழிலுக்காகக் கட்டார் போனபோது மேசையில் விட்டுச் சென்ற பொருட்களில் ஒன்று அவருடைய கேமிங் மவுஸ். அதை வாங்கிய நாளில் உம்மா ஏசியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "வெளிச்சம் எரியிற சாமானுக்கு இவ்வளவு காசா?" என்றார். இன்று அந்தச் சுட்டி இல்லாமல் உம்மாவின் வேலை நடப்பதில்லை.

கடைகளின் பொருட்பட்டியல்களை இணையப் படிவங்களில் பதிந்து கொடுப்பதுதான் உம்மாவின் வீட்டுத் தொழில். ஓரிடத்தில் பிரதி செய்து மற்றோரிடத்தில் ஒட்ட வேண்டும். நாள் முழுக்கச் சின்ன விரலால் கொன்ட்ரோல் விசையை அழுத்தி, இரவானால் மணிக்கட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் நான் ஏதாவது செய்ய வேண்டும் என்று எண்ணியபோதுதான் நானாவின் சுட்டி கண்ணில் பட்டது.

1964இல் டக்ளஸ் ஏங்கல்பார்ட்டின் ஆய்வுக்குழு அமெரிக்காவில் செய்த முதலாவது சுட்டி ஒரு மரப்பெட்டி. அதில் ஒரேயொரு பொத்தான்தான் இருந்தது. இன்று லொஜிடெக் ஜி502 என்ற சுட்டியில் மாற்றியமைக்கக்கூடிய பொத்தான்கள் 11 உள்ளன. ரேசர் நாகா வகையில் பெருவிரலுக்கு மட்டும் 12 பொத்தான்கள் கொண்ட சுட்டிகளும் உண்டு. நானாவுடையது ஆறு பொத்தான்கள் கொண்ட எளிய வகை.

இவ்வகைச் சுட்டியைப் பற்றி முதலில் விளங்க வேண்டியது ஒன்றுதான். பொத்தானுக்கென்று நிலையான பொருள் கிடையாது. அழுத்தும்போது "இந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது" என்ற செய்தி மட்டும் கணினிக்குப் போகும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம். அதற்கான மென்பொருளை ஒவ்வொரு நிறுவனமும் இலவசமாகத் தருகிறது. லொஜிடெக்குக்கு ஜி ஹப், ரேசருக்கு சினாப்ஸ், கோர்செயாருக்கு ஐகியூ. அவற்றை அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்திலிருந்தே பதிவிறக்க வேண்டும்.

மென்பொருளைத் திறந்தால் திரையில் சுட்டியின் படம் தோன்றும். ஒரு பொத்தானைத் தெரிவு செய்து, பட்டியலில் உள்ள கட்டளையொன்றை அதற்கு வழங்கினால் போதும். நான் பெருவிரலுக்கு அருகிலுள்ள பின் பொத்தானுக்குப் பிரதி செய்தலையும் முன் பொத்தானுக்கு ஒட்டுதலையும் கொடுத்தேன். சில்லுக்குக் கீழேயுள்ள பொத்தானுக்குச் செய்ததை மீளப்பெறும் கட்டளையைக் கொடுத்தேன்.

அடுத்தது மக்ரோ. பல விசைகளை வரிசையாகப் பதிந்து ஒரே அழுத்தத்தில் இயக்குவதே மக்ரோ. கடையின் முகவரியைத் தமிழில் பதிந்து வைத்தேன். மறுநாள் உம்மா அழுத்தியபோது திரையில் வந்தவை பொருளற்ற ஆங்கில எழுத்துகள்! மக்ரோ எழுத்துகளை நினைவில் வைப்பதில்லை, எந்த விசைகள் அழுத்தப்பட்டன என்பதையே வைக்கிறது. விசைப்பலகை ஆங்கிலத்தில் இருந்தால் அதே விசைகள் ஆங்கிலத்தையே தரும். தமிழில் வேலை செய்வோர் இதை மறக்கக் கூடாது.

டிபிஐ என்பது சுட்டியின் உணர்திறன். 800 டிபிஐயில் சுட்டியை ஓர் அங்குலம் நகர்த்தினால் திரையில் அம்புக்குறி ஏறக்குறைய 800 புள்ளிகள் நகரும். 1920 புள்ளி அகலமான திரையைக் கடக்க 2.4 அங்குலம் தேவை. 1600 ஆக்கினால் 1.2 அங்குலம் போதும். கை குறைவாக அசையும், ஆனால் சிறிய பெட்டிகளில் குறிபார்ப்பது கடினம். உம்மாவுக்கு 1200 பொருந்தியது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த வேளையில் எங்கள் கணினி பழுதாகியது. அன்றிரவுக்குள் ஒரு பட்டியலை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்ததால், உம்மா சுட்டியை எடுத்துக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனார். படிவத்தில் நீண்ட நேரம் பதிந்தபின், ஒரு பெட்டியில் இருந்ததைப் பிரதி செய்ய வழக்கம்போல் பின் பொத்தானை அழுத்தினார். பக்கம் பின்னோக்கிப் போனது. திரும்பி வந்தபோது படிவம் வெறுமையாக இருந்தது. உம்மா என்னை ஏசவில்லை. மறுபடியும் முதலிலிருந்து பதிய உட்கார்ந்தார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

பிழை என்னுடையது. நான் செய்த மாற்றங்கள் எங்கள் கணினியிலிருந்த மென்பொருளில்தான் இருந்தன, சுட்டியில் இருக்கவில்லை. மாமியின் கணினியில் அந்த மென்பொருள் இல்லாததால், பக்கப் பொத்தான்கள் இணைய மேலோடியில் பின் செல்லல், முன் செல்லல் என்ற தம் இயல்பான தொழிலுக்குத் திரும்பிவிட்டன. பல கேமிங் சுட்டிகளுக்குள் சிறிய உள்நினைவகம் உண்டு. ஜி502இல் ஐந்து அமைப்புகள் வரை சேமிக்கலாம். அங்கே சேமித்தால் பொத்தான்களின் பொருள் சுட்டியோடு கூடவே போகும். ஆனால் ஒவ்வொரு செயலிக்கும் தானாக மாறும் அமைப்பு போன்றவற்றுக்கு மென்பொருள் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே புதிய கணினியில் முதலில் வெற்று ஆவணமொன்றில் ஒவ்வொரு பொத்தானையும் சோதித்துப் பாருங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். கடவுச்சொல்லை ஒருபோதும் மக்ரோவாகப் பதிய வேண்டாம், சுட்டியைத் தொடும் எவரும் அதை இயக்கலாம். இணைய விளையாட்டுகள் பலவற்றில் மக்ரோ பயன்படுத்துவது மோசடியாகக் கருதப்படும், கணக்கே முடக்கப்படலாம்.

உம்மாவின் வலி முற்றாகத் தீரவில்லை. இடையிடையே கைக்கு ஓய்வு கொடுக்கத்தான் வேண்டும். ஆனாலும் எண்ணெய்ப் போத்தல் முன்போல் விரைவாக முடிவதில்லை. போன வாரம் நானா அழைப்பெடுத்து, "உம்மா, நான் வந்தா என்ட மவுஸத் தருவீங்கதானே?" என்று கேட்டார்.

"நீ வேற ஒன்டு வாங்கிக்கோ மகன்" என்றார் உம்மா.

தரம் 13, தொழினுட்பப் பிரிவு