30 ரூபாய்க் குமாஸ்தா சீமைக்குப் படிக்கப் போனது எப்படி?

காஞ்சீபுரம் பிள்ளைகளுக்கும் வழி உண்டு

சின்ன காஞ்சீபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தறிச் சத்தம் கேட்கும். கோர்வைப் புடவை நெய்ய ஒரு தறிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்வார். இன்னொருவர் கரைக்கு நாடா கொடுப்பார்.

அந்த வீட்டில் நன்றாகப் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். அல்லது பெண் ஒருத்தி இருக்கிறாள். "வெளிநாட்டுக்குப் போய்ப் படிக்கிறேன்" என்று சொன்னால், தகப்பனாருக்கு இரண்டு கவலை வரும்.

பணத்துக்கு எங்கே போவது? ஒரு கை குறைந்தால் குடும்பம் என்ன ஆவது?

இந்தக் கவலை புதிது அல்ல. 100 ஆண்டுகளுக்கு முன்பு, கணித மேதை ராமானுஜன் வீட்டிலும் இதே கவலை இருந்தது.

காஞ்சீபுரத்தில் தாத்தா வீடு

ராமானுஜன் 1887-ம் ஆண்டு ஈரோட்டில் பிறந்தவர். வளர்ந்தது கும்பகோணத்தில். ஆனால் சிறு வயதில் காஞ்சீபுரத்திலும் இருந்திருக்கிறார். தாயாரைப் பெற்ற தாத்தா, காஞ்சீபுரம் கோர்ட்டில் வேலை பார்த்தார். அந்த வேலை போன பிறகு குடும்பம் கும்பகோணத்துக்குத் திரும்பியது.

தகப்பனார் ஜவுளிக் கடையில் குமாஸ்தா. பணக்காரக் குடும்பம் அல்ல.

கல்லூரியில் ராமானுஜனுக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது. ஆனால் கணக்கைத் தவிர மற்ற பாடங்களை அவர் படிக்கவில்லை. பரீட்சையில் தோற்றார். உபகாரச் சம்பளமும் நின்றது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் தேறவில்லை.

1912-ம் ஆண்டு சென்னைத் துறைமுக ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 30 ரூபாய்.

ஒரு கடிதம் செய்த வேலை

ராமானுஜன் தாம் கண்டுபிடித்த கணக்குகளை எழுதி, கேம்பிரிட்ஜ் பேராசிரியர்கள் இரண்டு பேருக்கு அனுப்பினார். அவர்களால் உதவி கிடைக்கவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை.

1913 ஜனவரி 16-ந் தேதி, மூன்றாவதாக ஹார்டி என்ற பேராசிரியருக்கு எழுதினார். தமது ஏழ்மையை மறைக்கவில்லை. "பெரிய படிப்பு படித்தேன்" என்று பொய்யும் சொல்லவில்லை. தம்மிடம் இருந்த சரக்கைக் காட்டினார். கடிதத்துடன் 100-க்கு மேற்பட்ட கணக்கு முடிவுகள் இருந்தன.

ஹார்டி அசந்துபோனார். பிப்ரவரி 8-ந் தேதி பதில் எழுதினார்.

பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. பட்டம் பெறாதவருக்கு ஆராய்ச்சிச் சம்பளம் கொடுக்கலாமா என்ற கேள்வி சென்னை சர்வகலாசாலையில் எழுந்தது. ராமானுஜனுக்காக விதியைத் தளர்த்தினார்கள். 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் கிடைத்தது.

தாய்க்கு 50 பவுன்

1914-ம் ஆண்டு தொடக்கத்தில் நெவில் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சென்னைக்கு வந்தார். அவருடைய முயற்சியால் சென்னை சர்வகலாசாலை ஆண்டுக்கு 250 பவுன் கொடுக்க முன்வந்தது. கப்பல் செலவும் துணிமணிச் செலவும் தனி. கேம்பிரிட்ஜில் உள்ள டிரினிட்டி கல்லூரி 60 பவுன் சேர்த்துக் கொடுத்தது.

வீட்டுக் கவலை எப்படித் தீர்ந்தது தெரியுமா? 250 பவுனில் 50 பவுனை குடும்பத்துக்கு ஒதுக்கினார்கள். அந்த நாளில் ஒரு பவுன் 15 ரூபாய். 50 பவுன் என்றால் மாதம் 62 ரூபாய்க்கு மேல் வரும். அவர் வாங்கிய குமாஸ்தா சம்பளத்தைப் போல் இரண்டு மடங்கு!

1914 மார்ச் 17-ந் தேதி, ராமானுஜன் சென்னையில் கப்பல் ஏறினார். 1918-ம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார்.

அதே 1913-ம் ஆண்டு இன்னொரு மாணவரும் கடல் கடந்தார். பரோடா மன்னர் மாதம் 11½ பவுன் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு உதவினார். அமெரிக்காவில் உள்ள கொலம்பியா சர்வகலாசாலையில் அவர் படித்தார். அவர்தான் டாக்டர் அம்பேத்கர்.

இன்று என்ன வழி?

இன்று மன்னரைத் தேட வேண்டியது இல்லை. உதவி தரும் இடங்கள் பல உண்டு.

மத்திய அரசு: தேசிய அயல்நாட்டு உதவித்தொகை என்ற திட்டம் இருக்கிறது. எம்.ஏ., எம்.எஸ்சி. போன்ற மேற்படிப்புக்கும், டாக்டர் பட்டத்துக்கும் இது உதவும். தாழ்த்தப்பட்ட வகுப்பினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் ஆகியோருடன், பரம்பரைக் கைவினைஞர் குடும்பத்தாருக்கும் இதில் இடம் உண்டு. வருமான வரம்பும் வயது வரம்பும் உண்டு. மத்திய சமூக நீதித் துறை இதை நடத்துகிறது.

தமிழக அரசு: ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு அயல்நாட்டு உயர்கல்வி உதவி தருகிறது. விவரத்தை ஆதிதிராவிடர் நலத்துறையில் கேட்கலாம்.

பிரிட்டன்: காமன்வெல்த் உதவித்தொகை, செவனிங் உதவித்தொகை ஆகிய இரண்டும் மேற்படிப்புக்கு. செவனிங் கேட்பவர்களுக்கு வேலை அனுபவம் இருக்க வேண்டும்.

ஜெர்மனி: அரசு சர்வகலாசாலைகள் பலவற்றில் படிப்புச் சம்பளமே கிடையாது. சாப்பாடு, அறை வாடகை போன்ற செலவுகள் உண்டு. அதற்கும் 'டாட்' என்ற நிறுவனம் தகுதி உள்ளவர்களுக்கு உதவுகிறது.

ஜப்பான்: அந்த நாட்டு அரசே உதவித்தொகை தருகிறது. பிளஸ் 2 முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். தூதரகத்தில் கேட்க வேண்டும்.

அமெரிக்கா: மேற்படிப்புக்கு புல்பிரைட்-நேரு உதவித்தொகை உண்டு. டாக்டர் பட்டத்துக்குச் சேருபவர்களுக்கு சர்வகலாசாலையே படிப்புச் சம்பளத்தை நீக்கி, மாதப் பணமும் கொடுப்பது வழக்கம். ஹார்வர்டு, யேல் போன்ற சில சர்வகலாசாலைகள், ஏழை என்பதற்காக வெளிநாட்டு மாணவரை ஒதுக்குவது இல்லை. சேர்த்துக்கொண்டால் குடும்பத்தின் நிலையைப் பார்த்து உதவுகின்றன.

எப்போது தொடங்குவது?

பல நாடுகளில் வகுப்பு செப்டம்பர் வாக்கில் தொடங்கும். அதற்கு ஒரு வருடம் முன்பே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். கடைசி மாதத்தில் ஓடினால் கதவு மூடியிருக்கும்.

பாஸ்போர்ட், மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்று ஆகியவற்றை முதலில் தயார் செய்யுங்கள். ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியிருக்கும். ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். உங்களை நன்றாக அறிந்த ஆசிரியரிடம் வாங்குங்கள். பெரிய பதவியில் இருப்பவர் பெயருக்காக எழுதும் கடிதத்தைவிட அது மேலானது.

"ஏன் படிக்க விரும்புகிறேன்?" என்று ஒரு கட்டுரையும் கேட்பார்கள். அதைப் பிறரைக் கொண்டு எழுதக் கூடாது. தறி வீட்டில் வளர்ந்தவர்கள் அதைக் கூச்சப்படாமல் எழுதலாம்.

ஒரே இடத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். ராமானுஜனுக்கு மூன்றாவது கடிதத்தில்தான் கதவு திறந்தது.

பெற்றோர் கவனிக்க

உதவித்தொகை எல்லாம் ஒன்று அல்ல. சிலவற்றில் விமானச் செலவு, படிப்புச் சம்பளம், சாப்பாட்டுச் செலவு எல்லாம் அடங்கும். சிலவற்றில் படிப்புச் சம்பளத்தில் ஒரு பகுதி மட்டும் குறையும். மீதிப் பணத்துக்கு வீட்டை அடகு வைக்கும் நிலை வரலாம். கையெழுத்துப் போடுமுன் கணக்குப் பாருங்கள்.

மாதா மாதம் வரும் பணம் மாணவரின் செலவுக்குத்தான். அதை நம்பிக் குடும்பம் கடன் வாங்கக் கூடாது. தறியில் அந்தக் கைக்கு மாற்று யார் என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்வது நல்லது.

"உதவித்தொகை வந்துவிட்டது, அதை விடுவிக்க இவ்வளவு பணம் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது மோசடி.

ராமானுஜன் கேட்ட வரம்

1918-ம் ஆண்டுக் கடைசியில், ராமானுஜன் சீமையில் நோயாளியாக இருந்தார். ஊர் திரும்பினால் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 250 பவுன் கொடுப்பதாகச் சென்னை சர்வகலாசாலை அறிவித்தது.

1919 ஜனவரியில் அவர் பதில் எழுதினார். இந்தப் பணம் தமக்கு அதிகம் என்றார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுக்கச் சொன்னார். தமது செலவு போக மீதியை ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், புத்தகம் வாங்கவும் பயன்படுத்தும்படி கேட்டார்.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி சென்னையில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 32.

சம்பளம் கட்ட முடியாத பிள்ளையின் கஷ்டம் அவருக்குத் தெரியும். படிக்கப் பணம் கிடைத்தவர், அடுத்த பிள்ளையை நினைத்தார்.