இலக்கும் பழக்கமும்

நுழையும்முன்

'அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்பது பழமொழி. விடாமுயற்சியின் பயனைச் சொல்ல இதனினும் எளிய தொடர் இல்லை. ஆயினும் ஒரே செயலை ஆயிரம் முறை செய்தவர் அனைவரும் ஒரே அளவில் தேர்ச்சி பெறுவதில்லை. பயிற்சி எப்போது பயன் தருகிறது? எந்த எல்லையில் நின்றுவிடுகிறது? ஆஸ்திரேலியாவின் முட்டைவடிவப் பந்தாட்டம் ஒன்றைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

ஆட்டமும் களமும்

விக்டோரியா மாநிலத்தின் தலைநகரான மெல்பர்னில் 1858ஆம் ஆண்டு டாம் வில்ஸ் என்னும் கிரிக்கெட் வீரர் இதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர்களின் உடல் தளர்ந்துவிடாமல் காக்க ஒரு கால்பந்துக் குழு வேண்டும் என்பது அவர் கருத்து. அடுத்த ஆண்டு மே மாதம் மெல்பர்ன் கால்பந்துக் கழகத்தார் சிலர் கூடித் தம் ஆட்டத்திற்கு விதிகளை எழுதினர். அவ்விதிகளிலிருந்து வளர்ந்ததே 'ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து'. கிரிக்கெட்டோடு பிறந்த உறவால் இன்றும் இது பரந்த நீள்வட்டக் களத்தில் ஆடப்படுகிறது. ஓர் அணிக்குக் களத்தில் பதினெண்மர் ஆடுவர்.

களத்தின் ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள் வரிசையாக நடப்பட்டிருக்கும். அடுத்தடுத்த கம்பங்களுக்கு இடையே 6.4 மீட்டர் இடைவெளி. நடுவிலுள்ள உயர்ந்த இரு கம்பங்களுக்கு இடையே பந்தை நேராக உதைத்தால் அது 'கோல்'. அதற்கு ஆறு புள்ளிகள். பந்து நடுக்கம்பத்தில் பட்டாலோ பக்கத்து இடைவெளியில் சென்றாலோ அது 'பிகைண்டு'. அதற்கு ஒரே ஒரு புள்ளி. 10 கோலும் 14 பிகைண்டும் பெற்ற அணியின் கணக்கை 10.14 (74) என எழுதுவர்.

குறைந்தது 15 மீட்டர் தொலைவு உதைக்கப்பட்டு வரும் பந்தை நிலத்தில் விழுமுன் பிடித்தவருக்குத் தடையின்றி உதைக்கும் உரிமை கிடைக்கும். அவர் பின்னோக்கி நடந்து, குறிபார்த்து, ஓடிவந்து உதைக்கலாம். கோலை நோக்கிய இவ்வாய்ப்பை இப்பாடத்தில் 'நிலையுதை' என்று வழங்குவோம். இதில் எவரும் குறுக்கே பாய்ந்து பந்தைப் பறிக்க முடியாது. எனவே, பயிற்சியால் முழுமையாக வசப்படுத்தக்கூடிய செயல் இதுவே என்று பார்ப்போர்க்குத் தோன்றும்.

ஒரு புள்ளியின் விலை

1966ஆம் ஆண்டின் இறுதிப்போட்டியில் செயின்ட் கில்டா அணி 10.14 (74) என்றும், காலிங்வுட் அணி 10.13 (73) என்றும் முடித்தன. இரண்டும் பத்துப் பத்து கோல்கள் அடித்திருந்தன. கடைசி நிமிடங்களில் பாரி பிரீன் உதைத்த பந்து கோலுக்குள் செல்லாமல் பக்கத்து இடைவெளியில் உருண்டது. அந்த ஒற்றைப் புள்ளியே செயின்ட் கில்டாவுக்கு அதன் வரலாற்றின் ஒரே கோப்பையைத் தேடித் தந்தது.

2008ஆம் ஆண்டின் இறுதிப்போட்டி வேறொரு பாடத்தைத் தருகிறது. ஹாதார்ன் அணி 18.7 (115) பெற்று வென்றது. ஜீலாங் அணி 11.23 (89) பெற்றுத் தோற்றது. ஹாதார்ன் 25 முறை புள்ளி பெற, ஜீலாங் 34 முறை பெற்றிருந்தது. மேலோட்டமாக நோக்குவோர், 'ஜீலாங் வீரர்கள் குறிபார்க்கத் தவறிவிட்டனர்' என்று முடிவு கட்டுவர். உண்மை அவ்வளவு எளிதன்று. அந்த 23 பிகைண்டுகளில் 11, ஹாதார்ன் தற்காப்பு வீரர்களே நெருக்கடியிலிருந்து தப்புவதற்காகப் பந்தைத் தம் கோட்டுக்குப் பின்னால் கொண்டு சென்றதால் வந்தவை. ஆறு புள்ளி இழப்பதைவிட ஒரு புள்ளி இழப்பது மேல் என்பது அவர்கள் கணக்கு. மறு ஆண்டே அவ்வாறு வேண்டுமென்று செய்வதற்கு எதிராக விதி கொண்டுவரப்பட்டது. குறிதவறாமையை அளக்க முற்படுவோர் எண்களுக்குப் பின்னே நடந்ததையும் அறிய வேண்டும் என்பதற்கு இந்நிகழ்வு சான்று.

கோணம் காட்டும் உண்மை

கோலின் அகலம் மாறாதது; உதைப்பவர் கண்ணுக்கு அது தரும் கோணமோ தொலைவுக்கேற்பச் சுருங்கும். கோலுக்கு நேரெதிரே 20 மீட்டரில் நிற்பவருக்கு ஏறத்தாழ 18 பாகைக் கோணம் திறந்திருக்கிறது. 30 மீட்டரில் அது 12 பாகையாகவும், 40 மீட்டரில் 9 பாகையாகவும், 50 மீட்டரில் 7 பாகைக்குச் சற்று மேலாகவும் குறைகிறது. பந்து 4 பாகை விலகிச் சென்றால் 20 மீட்டர் தொலைவில் அது நடுவிலிருந்து 1.4 மீட்டர்தான் தள்ளிப்போகும், கோல் உறுதி. அதே பிழை 50 மீட்டரில் 3.5 மீட்டர் விலகலாகிவிடும். நடுவிலிருந்து கம்பம் வரை உள்ள இடைவெளி 3.2 மீட்டரே ஆதலால் கோல் தவறும்.

பக்கவாட்டில் நின்று உதைப்பவர்க்கு இடர் இன்னும் மிகுதி. கோல்கோட்டுக்கு 45 பாகைச் சாய்வில் நிற்பவர்க்கு 6.4 மீட்டர் வாயில் ஏறத்தாழ 4.5 மீட்டர் அகலமாகவே தோன்றும். ஆகவே, இருவருடைய கோல் விழுக்காட்டை ஒப்பிடுமுன் அவர்கள் எங்கிருந்து உதைத்தனர் என்று கேட்பது முறை.

பயிற்சி உடலுக்குள் செய்வது

பந்து காலில் படுமுன் அதைக் கையிலிருந்து விடுவதே உதையின் பாதி வெற்றி. விடும்போது பந்து சற்றே சாய்ந்தாலும் பாதத்தில் படும் இடம் மாறி, அது செல்லும் திசையும் மாறும். முற்காலத்தில் பந்தை நிலத்தில் வைத்து உதைப்பதும், நிலத்தைத் தொட்ட நொடியில் உதைப்பதும் வழக்கில் இருந்தன. இன்று 'டிராப் பண்ட்' எனப்படும் உதையே பெருவழக்கு. பந்தை நெட்டாகப் பிடித்து, நிலத்தைத் தொடுமுன் அதன் கீழ்முனையில் உதைத்தால் அது பின்னோக்கிச் சுழன்றபடி செல்லும். அச்சுழற்சி பந்தைத் தடுமாறாமல் காக்கிறது. முறையையே மாற்றியதால் விளைந்த முன்னேற்றம் இது. பழைய முறையை எத்தனை முறை திரும்பச் செய்திருந்தாலும் இது கிட்டியிராது.

1920களில் மாஸ்கோவில் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் என்னும் அறிஞர் சம்மட்டி அடிக்கும் தொழிலாளரின் அசைவுகளைப் படம்பிடித்து ஆராய்ந்தார். சம்மட்டியின் முனை ஒவ்வோர் அடியிலும் ஏறக்குறைய ஒரே பாதையில் சென்றது. ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றின் அசைவுகள் அடிக்கு அடி வேறுபட்டன. ஒரு மூட்டின் பிழையை இன்னொரு மூட்டு ஈடுசெய்துகொண்டது. தேர்ந்தவர் ஒரே அசைவை அச்சுப்போல மீட்டுத் தருவதில்லை; ஒரே பயனை வெவ்வேறு அசைவுகளால் அடைகிறார். பயிற்சி தருவது இந்த ஈடுசெய்யும் ஆற்றலையே.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. தசைக்குச் செல்லும் நரம்புக் கட்டளை வலுக்கும்போது அதிலுள்ள ஏற்ற இறக்கமும் வளர்கிறது என்னும் கருத்தை முன்வைத்து, உடலசைவின் துல்லியத்தை 1998இல் ஹாரிஸ், வோல்பர்ட் என்போர் விளக்கினர். தொலைவிலிருந்து ஓங்கி உதைக்கும் கால் அருகிலிருந்து மெல்ல உதைக்கும் காலைவிடச் சற்றே கூடுதலாகப் பிறழ்வது இயல்பு என்பதை இதிலிருந்து உணரலாம். பயிற்சி இப்பிறழ்வைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது.

எவ்வாறு பழகுவது?

பயிற்சியின் அளவைப் போலவே அதன் அமைப்பும் பயனைத் தீர்மானிக்கிறது. 1978இல் கெர், பூத் என்போர் சிறுவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். எட்டு வயதுச் சிறுவர் ஒரு பிரிவினர் மூன்றடித் தொலைவிலுள்ள இலக்கை நோக்கியே சிறு பையை எறிந்து பழகினர். மற்றொரு பிரிவினர் இரண்டடி, நான்கடித் தொலைவுகளில் மட்டும் பழகினர். பின்னர் மூன்றடித் தொலைவில் தேர்வு வைத்தபோது, அத்தொலைவில் ஒருமுறையும் பழகாத இரண்டாம் பிரிவினரே சிறந்து விளங்கினர்.

1979இல் ஷே, மார்கன் என்போர், மரத்தடுப்புகளைக் குறித்த வரிசையில் கையால் தட்டி வீழ்த்தும் மூன்று செயல்களைக் கற்பித்தனர். ஒரு செயலை முடித்தபின் அடுத்ததற்குச் சென்றவர்கள் பயிற்சியின்போது விரைந்து முன்னேறினர். மூன்றையும் கலந்து பழகியவர்கள் அப்போது தடுமாறினர். நாள்கள் கழிந்தபின் நடந்த தேர்வில் நிலை மாறியது. கலந்து பழகியோரே நன்கு நினைவில் கொண்டிருந்தனர். பயிற்சியின்போது எளிதாக வருவது நெடுநாள் நிலைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

ஒரே இடத்தில் நின்று, பந்துகளைக் குவித்து வைத்து, ஐம்பது முறை தொடர்ந்து உதைக்கும் வீரரை இவ்வாய்வுகளின் ஒளியில் நோக்குவோம். இரண்டாம் உதையிலேயே முதல் உதையின் பிழையை அவர் திருத்திக்கொள்கிறார். போட்டியில் அந்த இரண்டாம் வாய்ப்பு கிடையாது. ஓர் இடத்தில் ஒருமுறை உதைத்து, களத்தின் மறுபுறம் ஓடி, வேறு கோணத்தில் அடுத்ததை உதைத்துப் பழகுபவரே போட்டிக்கு நெருக்கமான பயிற்சியைச் செய்கிறார்.

களத்தின் சுமை

ஒரு போட்டியில் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வீரர்கள் உண்டு. மூச்சு வாங்க, கால் தளர, 30 நொடிகளுக்குள் அவர்கள் உதைக்க வேண்டும். கம்பங்களுக்குப் பின்னே திரண்ட எதிரணி ஆதரவாளர்கள் கூச்சலிட்டுக் கவனத்தைக் கலைப்பர். காலைப் பயிற்சியின் அமைதி அங்கே இல்லை.

மனச்சுமை கைத்திறனைக் கெடுக்கும் வகையை 2001இல் பெய்லாக், கார் என்போர் கோல்ஃப் பந்தைக் குழியில் தள்ளும் செயலைக் கொண்டு ஆராய்ந்தனர். நன்கு பழகிய செயல் சிந்தனையின் மேற்பார்வை இன்றித் தானே நிகழ்கிறது. நெருக்கடி வந்ததும் மனிதர் தம் அசைவைத் தாமே கண்காணிக்கத் தொடங்குகின்றனர், ஓட்டம் தடைப்படுகிறது. ஆயினும் தொடக்கம் முதலே படக்கருவியின் முன்னிலையில், பிறர் தம்மைக் கவனிக்கும் உணர்வோடு பழகியவர்கள் நெருக்கடியிலும் தளரவில்லை. நெருக்கடியைத் தாங்குவதும் பழக்கத்தால் வரக்கூடியதே.

உயரும் திறன், உயராத சராசரி

1990களுக்கு முன் இவ்வாட்டத்தின் வீரர் பலர் வேறு பணி பார்த்துக்கொண்டே விளையாடினர். இன்று முதன்மைத் தொடரின் வீரர்களுக்கு விளையாட்டே முழுநேரத் தொழில். எனினும் கோல், பிகைண்டு ஆகியவற்றின் கூட்டில் கோலின் பங்கு பல பத்தாண்டுகளாகப் பாதிக்குச் சற்று மேலாகவே நின்று வருகிறது. அப்படியாயின் பயிற்சி வீணா?

2014இல் மெக்நமாராவும் உடன் ஆய்ந்தோரும் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். விளையாட்டுத் திறனில் மனிதர்க்கிடையே காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 18 விழுக்காட்டையே திட்டமிட்ட பயிற்சியின் அளவு விளக்கியது. 2016இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் உச்சநிலை வீரர்களிடையே அது ஏறத்தாழ 1 விழுக்காடாகக் குறைந்தது. உச்சநிலை வீரர்களுக்குப் பயிற்சி பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அங்கு வந்து சேர்ந்த அனைவரும் முன்பே மிகுதியாகப் பழகியவர்கள். ஆதலால் பயிற்சியின் அளவு அவர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரித்துக் காட்டுவதில்லை.

சராசரி உயராமைக்கு வேறு காரணங்களும் உண்டு. உதைப்போர் தேர்ச்சி பெறும்போதே தடுப்போரும் தேர்ச்சி பெறுகின்றனர். எளிய வாய்ப்புகள் அரிதாகின்றன. ஓடுதல், பிடித்தல், தடுத்தல் எனப் பல திறன்கள் பயிற்சி நேரத்தைப் பங்கு கேட்கின்றன. மிகையாக உதைத்தால் தொடைத் தசையும் இடுப்பும் புண்படும் என்பதால் பயிற்றுநர்கள் உதைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வகுக்கின்றனர்.

தெரியுமா?

இவ்வாட்டத்தின் முதன்மைத் தொடரில் மிகுதியான கோல்களை அடித்தவர் டோனி லாக்கெட். 1999ஆம் ஆண்டு அவர் கார்டன் காவென்ட்ரியின் 1299 கோல்கள் என்னும் சாதனையை முறியடித்தார். அவருடைய மொத்தக் கோல்கள் 1360.

எண்களை எடைபோடுதல்

பத்து நிலையுதைகளில் சராசரியாக ஆறு கோல் அடிக்கும் வீரர் ஒருவர் இருபது முறை உதைப்பதாகக் கொள்வோம். பன்னிரண்டு கோல்களை எதிர்பார்ப்போம். ஆயினும் அவர் திறன் சிறிதும் மாறாத நிலையிலேயே 8 முதல் 16 வரை எந்த எண்ணும் தற்செயலாக வரலாம். நூற்றுக்கு ஏறத்தாழ 96 முறை விடை இவ்வெல்லைக்குள் அமையும் என்கிறது நிகழ்தகவுக் கணக்கு. எனவே, ஒரு பருவத்தில் 10 அடித்தவர் புதிய பயிற்சிக்குப் பின் மறு பருவத்தில் 14 அடித்தால், பயிற்சியே காரணம் என்று துணிய முடியாது. பல நூறு உதைகளைத் தொகுத்து, தொலைவையும் கோணத்தையும் கணக்கிட்டு ஒப்பிட்ட பின்னரே அம்முடிவுக்கு வரலாம்.

பயிற்சி இலக்கைத் துல்லியமாக்குகிறது. புதியவர்க்கு விரைவாகவும் தேர்ந்தவர்க்கு மெதுவாகவும் அது பயன் தருகிறது. எதைப் பழகுகிறோமோ அதுவே கைவருகிறது: அமைதியில் ஒரே இடத்தில் பழகியவர்க்கு அமைதியில் உதைக்கும் திறனும், களைப்பிலும் கூச்சலிலும் மாறும் கோணங்களிலும் பழகியவர்க்குப் போட்டியில் உதைக்கும் திறனும் வாய்க்கின்றன. விடைகளை வரிசை மாறாமல் ஒப்பிக்கும் மாணவர்க்கும், வினாக்களைக் கலந்து நேரம் குறித்து எழுதிப் பார்க்கும் மாணவர்க்கும் தேர்வறையில் தோன்றும் வேறுபாடும் இத்தகையதே.

கற்பவை கற்றபின்...

1. பந்தை இலக்கு நோக்கி எறியும் பயிற்சியை இரு குழுக்களாகப் பிரிந்து செய்க. ஒரு குழு ஒரே தொலைவிலும் மற்றொன்று மாறும் தொலைவுகளிலும் பழகட்டும். ஒரு வாரம் கழித்துக் கிடைக்கும் முடிவுகளை அட்டவணைப்படுத்துக.

2. 'பயிற்சியின் அளவா, பயிற்சியின் முறையா – தேர்ச்சிக்குத் துணை நிற்பது எது?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. நீங்கள் விரும்பும் விளையாட்டு ஒன்றின் புள்ளிக்கணக்கை எடுத்துக்கொண்டு, அவ்வெண்கள் சொல்லாமல் விடும் செய்திகளைப் பட்டியலிடுக.