மொழித்தீவு தந்த முதல்வர்

அய்யனார் கோவில் ஆறு மலையிறங்கி வரும் ராஜபாளையத்தில், தமிழ் ஊர்களுக்கு நடுவே தெலுங்கைத் தலைமுறை தலைமுறையாக வீட்டுமொழியாகக் காத்துவரும் ராஜுக்கள், மொழியியலார் மொழித்தீவு என்று சொல்லும், அதாவது வேற்றுமொழி சூழ வாழும், சிறு சமூகத்தினர் ஆவர். அச்சமூகத்தில் 1898-இல் பிறந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா, 1949 ஏப்ரலில், அன்று பிரதமர் என்றே அழைக்கப்பட்ட சென்னை மாகாண அரசின் தலைமைப் பொறுப்பை ஏற்று, 1950-இல் நாடு குடியரசான பின்னும் முதலமைச்சராகத் தொடர்ந்தார். 1952 தேர்தலில், பதவியில் இருக்கும்போதே, சொந்த மண்ணான ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் அவர் தோற்றது பெரும் வியப்புக்குரியது. பின்னர் 1954 முதல் 1956 வரை ஒரிசாவின் ஆளுநராகப் பணியாற்றினார். ஆயினும் பதவிகளைவிட உயர்ந்து நிற்பது அவருடைய கொடையே: தாம் வாழ்ந்த வீட்டையே கலை வளர்க்க ஈந்தார், அதுவே ராஜபாளையத்தின் காந்தி கலை மன்றம்.