நெற்றியில் ஒரு வெள்ளிப் பொட்டு

கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டில் வாழ்பவருக்குக் கடல் வெகு தொலைவு. ஆயினும் அம்மலையில் பிறக்கும் ஐயாறு காவிரியைச் சேர்கிறது. காவிரியின் கிளையான கொள்ளிடம் கடலில் கலக்கிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் கழிமுகங்களில் வாழும் ஒரு சிறிய மீனை இன்று அறிந்துகொள்வோமா?

அதன் பெயர் முண்டக்கண்ணி. விஞ்ஞானப் பெயர் அப்லோகைலஸ் பான்சாக்ஸ். நன்னீர், உவர்நீர் இரண்டிலும் வாழ வல்லது. அலையாத்தி வேர்களுக்கு இடையிலும், செடிகள் அடர்ந்த வாய்க்கால் ஓரங்களிலும், ஓட்டம் குறைந்த நீரின் மேற்பரப்பிலேயே நீந்தும். அதன் தலை தட்டையானது; வாய் மேல்நோக்கியது. ஏன் தெரியுமா? மூச்சுவிட மேலே வரும் கொசுப்புழுக்களை எளிதில் பிடிப்பதற்கு அதுவே ஏற்ற அமைப்பு.

இதைப் போலவே கொசுப்புழுவைத் தின்னும் இன்னொரு மீன் கம்பூசியா. அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இது, கொசுவை ஒழிப்பதற்காக 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இரண்டும் சிறியவை, இரண்டுக்கும் வாய் மேல்நோக்கியே இருக்கும். அப்படியானால் எப்படி வேறுபடுத்துவது?

கரையில் நின்று மேலிருந்து பாருங்கள். முண்டக்கண்ணியின் தலை உச்சியில் வெள்ளி போல் ஒரு பொட்டு மின்னும். அதன் முதுகுத் துடுப்பின் அடியில் கறுப்புத் திட்டும் உண்டு. கம்பூசியாவுக்கு வெள்ளிப் பொட்டு கிடையாது, சாம்பல் நிறம். சினையுற்ற பெண் மீனின் வயிற்றின் பின்பகுதியில் கரும்புள்ளி தெரியும்.

இவ்வேறுபாட்டை அறிவதால் என்ன பயன்? முண்டக்கண்ணி நீர்ச்செடிகளில் சில முட்டைகளாக இடும். அவை பொரிக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். கம்பூசியாவோ குட்டி போடும், விரைவில் பெருகும். கொசுப்புழுவோடு நில்லாமல் பிற மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும், தவளைகளின் தலைப்பிரட்டைகளையும் தின்னும். அது பரவிய பல நாடுகளில் உள்ளூர் மீன்கள் அருகிவிட்டன.

எனவே, கொசுவை ஒழிக்கிறோம் என்று எண்ணிப் பெயர் தெரியாத மீனைக் குளத்திலோ ஓடையிலோ விடாதீர்கள். மலையில் விட்ட மீன் வெள்ளத்தோடு சமவெளிக்கும் இறங்கலாம் அல்லவா? ஐயமிருந்தால் மீனைக் கண்ணாடிக் குவளையில் இட்டு நோக்குங்கள். வெள்ளிப் பொட்டு தெரிகிறதா? தெரிந்தால், எடுத்த இடத்திலேயே அதைத் திரும்ப விட்டுவிடுங்கள். நம் ஊர்க் கொசுப்புழுக்களைத் தின்ன அது காத்திருக்கிறது.